வெளியே நிற்பவரின் பங்கு

“வண்டி நல்லாத்தானே ஓடுது. பிக்கப் குறையல, மைலேஜ் குறையல, சத்தமும் இல்ல. அப்புறம் எதுக்கு இந்த லைட் எரியுது?”

புதுக் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் போகாது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கைத்தான் சொல்கிறார்கள். வேறு கேள்விகளும் வரும். சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டால் கதவை எப்படித் திறப்பது? அந்தச் சாவிக்குள்ளேயே தகடு மாதிரி ஒரு சாவி செருகியிருக்கும், அதனால் திறக்கலாம். செத்துப்போன சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பியும் விடும். மழைத் தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? கூடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளியோ தூக்கியோதான் கொண்டுபோக வேண்டும். டயர் காற்று விளக்கு மார்கழி விடியலில் மட்டும் ஏன் எரிகிறது? குளிரில் டயருக்குள் அழுத்தம் குறைவதால். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரியில் பதில் உண்டு. கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

மஞ்சள் விளக்குக் கேள்விக்கும் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில் யாரையும் திருப்திப்படுத்துவதில்லை. ஏன் என்று யோசிக்க யோசிக்க, கார் என்ற பொருளைப் பற்றி நான் நினைத்திருந்ததே மாறிப்போனது.

சென்னை புதுப்பேட்டையை ஒட்டி ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். உரிமையாளரே மெக்கானிக். கார்புரேட்டர் காலத்தில் தொழில் கற்றவர், ஐம்பதைத் தாண்டியவர். ஓர் இளைஞர் பெட்ரோல் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, “அண்ணே, வேற ஒண்ணும் வேணாம், இந்த லைட்ட மட்டும் அணைச்சு விட்டுடுங்க” என்றார். மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே பார்க்காமலேயே கைவிட்டுத் துழாவி, பதினாறு துளைகள் உள்ள பிளக்கைக் கண்டுபிடித்துத் தீப்பெட்டி அளவுள்ள ஸ்கேனரைச் செருகினார். செல்போனில் எண் வந்தது: பி0420. உடனே எதையும் கழற்றவில்லை. வண்டிக்கு அடியில் போய் சைலன்சர் பைப்பில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். சென்சார் வயர்களை ஆட்டிப் பார்த்தார். பிறகு வண்டியை ஓடவிட்டு, போன் திரையை அந்த இளைஞரிடம் காட்டினார். மேலும் கீழுமாக இரண்டு கோடுகள். மேல் கோடு அலை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்க் கோடும் அதே தாளத்தில் ஆடியது.

“மேல இருக்கிறது இன்ஜின்ல இருந்து வர்ற புகை. கீழ இருக்கிறது கன்வெர்ட்டரைத் தாண்டி வெளிய போற புகை. கீழ்க் கோடு ஆடாம அப்படியே நிக்கணும் தம்பி. ரெண்டும் ஒண்ணா ஆடுதுன்னா நடுவுல இருக்கிறது வேலை செய்யலன்னு அர்த்தம்.”

“அதனால என் வண்டிக்கு என்னண்ணே ஆகும்?”

“உங்க வண்டிக்கு இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்ப அணைச்சுடுங்க.”

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டதற்கு நேர்மையான பதில் கிடைத்தது, அதை வைத்து முடிவெடுத்தார். ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி இருந்தது: வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்றால், யாருக்கு ஆகும்?

நடுவில் இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னாரே, அதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். புகைக்குழாயில் பொருத்திய ஒரு சின்ன டப்பா. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்ணிய துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். சூடான புகை அதன் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டையாக்சைடாகும், எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் எரிந்து முடியும், நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகப் பிரியும். அதன் முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு, நடுவில் வேலை நடக்கிறதா இல்லையா என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கணித்துக்கொண்டே இருக்கிறது. இந்த டப்பா செத்துப்போனாலும் இன்ஜின் ஓடும், ஏசி குளிரும், பாட்டுப் பாடும். ஓட்டுபவர் எதையும் உணர மாட்டார். உணர முடியாது என்பதால்தான் அங்கே ஒரு விளக்கு வைக்க வேண்டியிருந்தது.

பழைய மெக்கானிக்குகளைப் பற்றி நாம் ஏக்கத்தோடு பேசுவது இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. காதால் கேட்டே டியூன் செய்தவர்கள், ஸ்க்ரூ டிரைவரை இன்ஜின் மேல் ஊன்றிக் காதை வைத்து எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவர்கள். அந்தத் திறமை பெரிது, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் காது எதையெல்லாம் கேட்டது என்று பார்த்தால், ஓட்டுபவரைப் பாதிக்கும் கோளாறுகளை மட்டுமே கேட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சத்தமும் இல்லை. அருமையாக டியூன் செய்த வண்டி அருமையாகவே நஞ்சைக் கக்கிக்கொண்டு போன காலம் அது. எந்தக் காதாலும் அதைக் கேட்டிருக்க முடியாது.

அதைக் கேட்க ஆரம்பித்த கதை லாஸ் ஏஞ்சலஸில் தொடங்குகிறது. 1943 ஜூலையில் ஒரு நாள் நகரத்தைக் கண்ணெரிக்கும் மூட்டம் கவ்வியது. போர்க்காலம், ஜப்பான் நச்சுப்புகை வீசிவிட்டதோ என்று மக்கள் பயந்தார்கள். தொழிற்சாலைகள் மேல் பழி விழுந்தது. சிலவற்றைக் கட்டுப்படுத்தியும் மூட்டம் திரும்பத் திரும்ப வந்தது. கால்டெக் நிறுவனத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் இருந்தார். நெதர்லாந்தில் பிறந்தவர், அன்னாசிப்பழ மணத்தில் என்னென்ன சேர்மங்கள் இருக்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதே முறையில் நகரத்துக் காற்றைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். எண்ணெய்த் தொழில் தரப்பு இதை ஏற்க மறுத்தது. அவர் விடவில்லை. 1967இல் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் உருவானபோது அதன் முதல் தலைவரானார்.

அந்த வாரியம் போட்ட விதிகளின் வழியில்தான் நம் மஞ்சள் விளக்கு வந்தது. 1975 மாடல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலானது. அது வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? வண்டியே தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற விதி 1988 மாடல் முதல் கலிஃபோர்னியாவில் வந்தது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி பிளக், ஒரே மாதிரி எண்கள் என்று ஆனது. இங்கே 1995 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டால் ஈயம் படிந்து கன்வெர்ட்டர் செத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது; 2000இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் ஒழிந்தது. வண்டி தன்னைத்தானே சோதிக்கும் ஏற்பாட்டின் முதற்படி 2010இல், இரண்டாம் படி 2013இல். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி.

ஆக, அந்த விளக்கை முதலில் கேட்டு வாங்கியவர்கள் கார் உரிமையாளர்களும் அல்ல, கார் கம்பெனிகளும் அல்ல. கண்ணெரிச்சலோடு தெருவில் நடந்த ஒரு நகரத்து மக்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள். அந்த விளக்கு எரியும்போது, “உன் புகை அடுத்தவருக்கு ஆகாத நிலைக்குப் போய்விட்டது” என்ற செய்திதான் பல நேரங்களில் அதில் இருக்கிறது. (விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் மட்டும் செய்தி வேறு. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஓரமாக நிறுத்திவிட வேண்டும். விட்டால் அந்த டப்பாவே உருகிப்போகும்.)

டீசல் வண்டிக்காரர்களின் துயரம் இன்னும் கூர்மையானது. பிஎஸ்6 டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி இருக்கிறது. புகையில் உள்ள கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக்கி அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கிவிடும். அந்தச் சூடு வர வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். அண்ணா நகரிலிருந்து நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்கும், அங்கிருந்து பிள்ளையின் பள்ளிக்கும் சிக்னல் சிக்னலாக நின்று போகிற வண்டிக்கு அது வாய்ப்பதே இல்லை. எரிக்க ஆரம்பிக்கும்போதே வீடு வந்துவிடும், இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திய பிறகும் ஃபேன் இரைந்துகொண்டிருந்தால், பாதியில் வெட்டப்பட்ட வேலை அதுவாக இருக்கலாம். இப்படிப் பலமுறை நடந்தால் கரி அடைத்துக்கொள்ளும். சில வண்டிகளில், எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறும். விளக்கு எரிந்தால் தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள். பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஆனால் ஓட்டுபவருக்கு எரிச்சல். எனக்கு எந்த வேலையும் இல்லாத ஊருக்கு, எனக்கு எந்தப் பயனும் தராத ஒரு டப்பாவுக்காக, என் டீசலைச் செலவழித்துப் போய்வர வேண்டுமா?

இந்த எரிச்சலைக் காசாக்கும் தொழிலும் வளர்ந்துவிட்டது. டிபிஎஃப்பைக் கழற்றி உள்ளே இருப்பதைத் தட்டிக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை மறுபடி மாட்டுவார்கள். கம்ப்யூட்டரில் வடிகட்டி பத்திரமாக இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். விளக்கு இனி எரியாது. பிக்கப்கூடக் கொஞ்சம் ஏறும். புகைச் சான்றிதழ் மையத்துக்குப் போனால் அங்கேயும் பாஸ். அங்கிருக்கும் கருவி புகை எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பதை ஒளி மறைப்பை வைத்து அளக்கிறது. இன்றைய டீசல் இன்ஜின் விடும் துகள்களோ கண்ணுக்கும் தெரியாது, அந்த ஒளிக்கும் ஏறக்குறையத் தெரியாது. நெதர்லாந்து இதை உணர்ந்து 2023 முதல் துகள்களை எண்ணும் கருவியைச் சோதனை மையங்களில் வைத்தது. நம் ஊர் மையங்கள் இன்னும் கறுப்பைத்தான் தேடுகின்றன.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதிசெய்தது. அந்தப் புகையை யார் குடிக்கிறார்கள் என்று ஒரு சிக்னலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். கண்ணாடியை ஏற்றி, ஏசியில் உள்காற்றைச் சுழலவிட்டு உட்கார்ந்திருப்பவர் மிகக் குறைவாகக் குடிக்கிறார். பைக்கில் பின்னால் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருக்கும் பெண், பேருந்து நிறுத்தத்தில் புத்தகப் பையோடு நிற்கும் பிள்ளைகள், காலையிலிருந்து அதே கூட்டுச்சாலையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், நடைபாதையில் வெள்ளரிக்காய் அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தரும் அம்மா. சிறுபிள்ளையின் மூக்கு காரின் புகைக்குழாயிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை ஒருமுறை நின்று பார்த்தவர்களால் டிபிஎஃப்பைத் தட்டிக் கொட்ட முடியாது என்றே நம்ப விரும்புகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் எட்டு வீடுகளில்தான் கார் இருக்கிறது. மற்ற வீடுகளுக்குக் காரோடு உள்ள தினசரி உறவு, பெரும்பாலும் அதன் புகையோடும் அதன் முன்பக்கத்தோடும் உள்ள உறவுதான்.

முன்பக்கத்தைப் பற்றியும் ஒரு புகார் உண்டு. “பழைய அம்பாசடர் போனட் மேல ஏறி நிக்கலாம். இப்ப வர்ற வண்டி போனட்டு கட்டை விரலால அமுக்கினாலே நெளியுது. காசு வாங்கிட்டுத் தகரத்தைக் கொடுக்கிறான்.” தகடு மெலிந்ததற்கு எடையும் விலையும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. கார் மோதினால் நடந்து வந்தவரின் கால் பம்பரில் பட்டு, உடல் மடிந்து, தலை போனட்டில் போய் விழுகிறது. அடியில் இன்ஜின் கல் மாதிரி இருந்து, மேலே தகடும் கெட்டியாக இருந்தால் மண்டை பிளந்துவிடும். அதனால் போனட் உள்வாங்கி நெளிய வேண்டும், அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும் என்று வடிவமைக்கிறார்கள். இந்தியாவிலும் ஏஐஎஸ் 100 என்ற விதி பாதசாரியின் தலையும் காலும் எவ்வளவு அடி வாங்கலாம் என்று வரம்பு வகுக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய போனட்டின் வடிவத்தில், நாம் ஒருநாளும் சந்திக்கக் கூடாத ஒருவரின் தலைக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, உரிமையாளர்களின் கேள்விகள் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தன. எதற்கு இத்தனை சென்சார், எதற்கு இந்த வடிகட்டி, மௌனமாக ஓடும் வண்டியில் ஏன் ஓர் ஒலியைக் கூட்டச் சொல்கிறார்கள்? (மின்சாரக் கார் மெதுவாகப் போகும்போது ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி இருக்கிறது, பார்வையற்றவர்கள் கேட்டு விலக வேண்டும் என்பதற்காக.) தொல்லை என்று நாம் பட்டியல் போடுகிற பலவும், நமக்குப் பயன் தராததால் தொல்லையாகத் தெரிகின்றன. அவை நமக்காக வைக்கப்பட்டவையே அல்ல. ஆர்சி புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது, கடன் தவணை என் கணக்கிலிருந்து போகிறது. ஆனாலும் அந்த வண்டிக்குள் வெளியே நிற்பவருக்கு ஒரு பங்கு இருக்கிறது. பட்டா நிலத்தின் ஊடே கிணற்றுக்குப் போகும் பாதை மாதிரி. நிலம் என்னுடையதுதான், அந்த வரப்பில் வேலி போட எனக்கு உரிமை இல்லை. வேலி போட்டவனை ஊர் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். டிபிஎஃப்பைத் தட்டிக் கொட்டியவரை ஊர் இன்னும் கெட்டிக்காரர் என்கிறது. அந்தப் பாதை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பங்கு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு, உரிமையாளரின் கோபத்தில் உள்ள நியாயத்தையும் பேசியாக வேண்டும். அது சிறிய நியாயம் இல்லை.

2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஃபோக்ஸ்வாகன் மீது குற்றம்சாட்டியது. சோதனைக் கூடத்தில் நிற்கிறோமா, சாலையில் ஓடுகிறோமா என்று அந்த டீசல் கார்களின் மென்பொருள் கண்டுபிடித்தது. சோதனையில் மட்டும் சுத்தமாக நடந்துகொண்டது. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 40 மடங்கு வரை விட்டது. உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதை வெளிக்கொண்டுவரக் காரணமானவர்கள் வெஸ்ட் வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன ஆய்வுக் குழு. கருவியை டிக்கியில் ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தவர்கள். அத்தனை வண்டிகளிலும் விளக்கு எரியவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஓர் இளைஞர் செய்யச் சொன்னதை, தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பியிருந்தார்கள். பெரியவர்கள் வேலியைப் பிடுங்கி நட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவர்களிடம் மட்டும் வரப்பை மதிக்கச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும்.

எத்தனால் பெட்ரோல் பற்றிய கேள்விகளிலும் இந்தக் கோபம்தான் இருக்கிறது. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023இல் தொடங்கி, 2025க்குள் நாட்டின் பெரும்பாலான பெட்ரோல் பங்குகளுக்கு வந்துவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 2023க்கு முன் வந்த பல வண்டிகளின் ரப்பர் குழாய்கள் இதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்குப் பணம் வரும், புகை குறையும் என்கிறார்கள். இவையும் பிறருக்கான பங்குகள்தான். நான் மறுக்க மாட்டேன். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர் கேட்கும் எரிபொருள் பெட்ரோல் பங்கில் கிடைப்பதில்லை. குறைவான ஆற்றலுக்கு விலையும் குறையவில்லை. ஒருவரிடமிருந்து பொதுநலத்துக்காக எடுத்துக்கொள்வதை அவருக்கு முன்பே சொல்லி, கணக்குக் காட்டி எடுத்துக்கொண்டால் அவர் கொடுப்பார். நம் மக்கள் கொடுக்காதவர்கள் இல்லை.

கணக்குக் காட்டுவது என்றதும் அந்தப் பதினாறு துளைப் பிளக்கை மறுபடி நினைக்கிறேன். அதில் ஒரு விசேஷம் உண்டு. பி0 என்று தொடங்கும் எண்கள் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொது. எந்த ஊர் மெக்கானிக்கும், சில ஆயிரம் ரூபாய்க் கருவியால், யாரிடமும் அனுமதி கேட்காமல் படிக்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோதே, புகை தொடர்பான தகவலை எந்த மெக்கானிக்கும் பெற முடிய வேண்டும் என்று எழுதி வைத்தது. பி1 என்று தொடங்குபவை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஏர்பேக், பிரேக், கதவுப் பூட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் கேமரா ஆகியவற்றின் பேச்சு பெரும்பாலும் கம்பெனியின் சொந்தக் கருவிக்கு மட்டுமே புரியும். ஒரு காரின் உள்ளே நடக்கும் அத்தனை பேச்சிலும், எல்லோருக்கும் உரிமையான காற்றைப் பற்றிய பகுதி மட்டும்தான் எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. எது பொதுவோ அது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று யாரோ ஒருகாலத்தில் தெளிவாக யோசித்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

அந்தத் தெளிவை மற்றப் பகுதிகளுக்கும் நீட்டும் முயற்சி இங்கேயும் நடந்தது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க மறுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றைச் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்காகத் தொடங்கிய தளத்தில் நான்கு துறைகளில் ஒன்றாக வாகனத் துறையும் சேர்க்கப்பட்டது. இருந்தும் புதுப்பேட்டை மெக்கானிக் இன்ஜெக்டரைப் புதிதாக மாற்றினால் அதன் எண்ணைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் பல வண்டிகளில் கம்பெனி சர்வீஸைத்தான் நம்பியிருக்கிறார். வண்டிக்காரர் அங்கே போனால் பில்லைப் பார்த்துப் பயந்து, விளக்கை அணைப்பவரைத் தேடிப் போகிறார். வெளியே நிற்பவருக்கு உரிய பங்கைக் கொடுக்க நினைக்கிற உரிமையாளரைக்கூட இந்தப் பூட்டு தடுத்துவிடுகிறது.

நம் புகைச் சோதனை மையங்களில் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2015 முதல், 2000 மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்குக் குழாயில் கருவி வைப்பதில்லை. பிளக்கில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள், வண்டியே தன் நிலையைச் சொல்லிவிடுகிறது. சோதனைக்கு முந்தின நாள் எண்ணை அழித்துவிட்டு வந்தாலும் அகப்பட்டுக்கொள்வார்கள். அழித்தவுடன் வண்டியின் சுயசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும், சில நாள் ஓட்டினால்தான் அவை மறுபடி முடியும். 2013க்குப் பிறகு வந்த நம் கார்களிலும் அதே பிளக் இருக்கிறது. மையத்தில் இருக்கும் பையனுக்கு ஒரு ஸ்கேனரும் டீசல் வண்டிக்குத் துகள் எண்ணும் கருவியும் கொடுத்தால் போதும். வண்டிக்காரருக்கு எண்ணும் அதன் பொருளும் தமிழில் அச்சடித்த ஒரு தாளில் வர வேண்டும். அதை எடுத்துக்கொண்டு அவர் தெருமுனை மெக்கானிக்கிடம் போனால், அவர் கையில் அதைச் சரிசெய்யும் கருவியும் பாகமும் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதிக்கான உத்தரவு 2014இலேயே எழுதப்பட்டுவிட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கார் வைத்திருப்பவர்கள்தான் முதலில் கேட்க வேண்டும்.